பதினாறு மஞ்சள் அடிகள்

சலாஹுதீன் வீட்டுப் புல்தரையில் பதினாறு செருப்புத் தடங்கள் மஞ்சளாக விழுந்திருந்தன. கிழக்கு மதிலோரம் தொடங்கி அடுக்களை வாசல் வரைக்கும் போயிருந்தன. பதினாறும் உள்ளே போன தடங்கள். வெளியே வந்த தடம் என்று ஒன்றுகூட இல்லை.

இதைக் காலை ஏழு மணிக்குக் கண்டுபிடித்த சலாஹுதீன் முதலில் செய்த காரியம், வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தது. இரண்டாவது, பீரோவுக்குப் பின்னால் பார்த்தது. மூன்றாவதாக மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் திறந்து பார்த்துவிட்டார். உள்ளே போன ஆள் எங்கும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்குப் பயம் வேறு பக்கம் திரும்பியது. ஜின்னாக இருக்குமோ? ஆனால் ஜின் பத்தாம் நம்பர் செருப்பு போடுமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. சந்தேகத்துக்குப் பின்னால் கோபம் வந்தது. கோபம் வந்ததும் முத்துக்கனிக்குப் போன் போட்டார்.

"ஏலே முத்துக்கனி, நீ அடிச்ச மருந்து எனக்க புல்லுல நடந்து வந்திருக்கு, கேட்டியா?"

"நடந்தா? காக்கா, மருந்துக்குக் கால் கிடையாதே." சலாஹுதீனை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் முத்துக்கனி கூப்பிடுவார்.

"கிடையாதா? நீ வந்து எண்ணிப் பாரு. பதினாறு இருக்கு."

முத்துக்கனி களைக்கொல்லி அடிக்கிறவர். குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவே எந்தத் தென்னை விளையில் களை மண்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிளைபோசேட் என்கிற அந்த மருந்தைக் கண்டவர்கள் அடிக்கக் கூடாது, லைசென்ஸ் வேண்டும் என்று பேச்சு வந்த நாளிலேயே பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, அதை லாமினேட் செய்து வண்டிப் பெட்டியில் வைத்திருந்தார். பதினோரு வருடத்தில் ஒருவரும் அவர் வேலையில் ஒரு குறை சொன்னதில்லை. குறை சொல்ல இடம் கொடுப்பதில்லை என்பதுதான் உண்மை. ஒவ்வொரு வேலைக்கும் நோட்டில் ஒரு பக்கம் எழுதுவார். தேதி, நேரம், காற்று, தண்ணீர், காலில் போட்டிருந்தது என்ன என்பது வரைக்கும் அதில் இருக்கும்.

டி.வி.எஸ். வண்டியை எடுக்கும் முன் அந்த நோட்டைப் புரட்டினார். பத்து நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை. இடம், சலாஹுதீனுக்குப் பக்கத்து வீட்டு நாராயணபெருமாளின் தென்னை விளை. களை, தொட்டாவாடியும் கோரையும். நேரம், எட்டு இருபது முதல் பத்து மணி வரை. காற்று, ஊதுபத்திப் புகை நேராக ஏறியது, அடிக்கலாம். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. காலில் எட்டாம் நம்பர் ரப்பர் பூட்ஸ்.

சோப்பு விஷயம் சின்ன விஷயம் இல்லை. கடலோரத்துக் கிணற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதனால்தான் நுரை வராது. அந்தச் சுண்ணாம்பு இந்த மருந்தைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும், இலைக்குள் போகவிடாது. கலங்கல் தண்ணீரிலும் அதே கதைதான். அங்கே களிமண் பிடித்துக்கொள்ளும். அதனால் முத்துக்கனி முதலில் அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்துச் சுண்ணாம்பை அதோடு ஜோடி சேர்த்துவிட்டு, பிறகுதான் மருந்தை ஊற்றுவார். மருந்து பச்சை இலை வழியாகப் புகுந்து, சாற்றோடு சேர்ந்து வேர் வரைக்கும் இறங்கும். செடி தனக்கு வேண்டிய சில சத்துகளைச் சமைக்கிற இடத்தில் ஒரே ஒரு அடுப்பை மட்டும் அணைத்துவிடும். செடிக்கு அது தெரியவே ஒரு வாரம் ஆகும். அதுவரை பச்சையாகச் சிரித்துக்கொண்டு நிற்கும். பிறகு பட்டினியில் மஞ்சளாகும்.

"அடிச்ச அண்ணைக்கு ஒண்ணும் தெரியாது, பத்தாம் நாளு போட்டோ கழுவின மாதிரி தெளிஞ்சு வரும்" என்று எல்லாரிடமும் சொல்வது அவர் வழக்கம். அந்தப் பேச்சு இப்போது தனக்கே திரும்பி வரும் என்று அவர் நினைக்கவில்லை.

சலாஹுதீன் வாசலிலேயே நின்றார். தம்மாமில் இருபத்தேழு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். திரும்பி வந்ததும் மணல் முற்றத்தில் செம்மண் நிரப்பி, மெக்சிகன் புல் பதித்து, அதில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தாலும் கைதட்டி விரட்டுகிறவர். கையில் இரண்டு பக்கத்துக்குப் புகார், அவர் பாஷையில் பராதி, எழுதித் தயாராக வைத்திருந்தார்.

"வேளாண்மை ஆபீஸுக்காக்கும். 'மேற்படி நபர் அஜாக்கிரதையாக விஷத்தைப் பரப்பி' அப்படீன்னு தொடங்குது. வாசிக்கட்டா?"

"லைசென்ஸ் புதுப்பிக்க அடுத்த மாசம் குடுக்கணும், காக்கா" என்றார் முத்துக்கனி. "இது போச்சுன்னா அந்த மேசையில எனக்க விண்ணப்பத்துக்கு மேல இதுதான் இருக்கும்."

"அப்போ மிதிச்ச ஆளைச் சொல்லு. சொன்னா உனக்க பேரை வெட்டியாச்சு. சொல்லாட்டி, உனக்க பேரும் போகும், மதிலுக்கு அந்தப் பக்கத்துக்காரருக்க பேரும் போகும்."

மதிலுக்கு அந்தப் பக்கத்துக்காரரின் பெயரைச் சலாஹுதீன் சொல்லி நாலு வருடம் ஆகிறது. நாலு வருடத்துக்கு முன், அவர் கடைசித் தடவையாகத் தம்மாமுக்குத் திரும்பும் நாளில், நாராயணபெருமாளின் தென்னையிலிருந்து ஒரு மட்டை விழுந்து கார்க் கண்ணாடி நொறுங்கிப்போனது. வேறு வண்டி பிடித்துத் திருவனந்தபுரம் போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. அதைக்கூட அவர் மன்னித்திருப்பார். "தென்னைக்கு பிளைட் டைம் தெரியுமாய்யா?" என்று நாராயணபெருமாள் கேட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. போக்குவரத்து நின்றது. மழையில் சரிந்த மதிலைக்கூட, நீ கட்டு நான் கட்டு என்று யாரும் கட்டாமல், இடைவெளியில் ஓர் ஓலைத் தட்டியைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

தடம் தொடங்கியது சரியாக அந்த ஓலைத் தட்டியிலிருந்து.

முத்துக்கனி குத்தவைத்து உட்கார்ந்து டேப்பை விரித்தார். தட்டையான செருப்பு, பத்தாம் நம்பர். பூட்ஸின் வரி எதுவும் இல்லை.

"இது எனக்க கால் இல்ல, காக்கா."

"பூட்ஸைக் கழத்திட்டுச் செருப்பு போட்டு வந்திருப்பே."

"எதுக்கு வரணும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? வந்த கால் திரும்பிப் போகல்ல. அதுதான் எனக்குப் பேடியா இருக்கு."

"திரும்பிப் போயிருக்கு. முதல் தடத்தப் பாருங்க, நல்ல மஞ்சள். எட்டாவது பாதி மஞ்சள். பதினாறாவது பேருக்கு மஞ்சள். மருந்து அடிச்ச ஈரத்துல மிதிச்சிட்டு வந்து, அடிக்கொரு துளி உங்க புல்லுல தொடச்சிட்டே போயிருக்கு. திரும்பும்போது செருப்பில தொடைக்க ஒண்ணுமில்ல. ஆள் போயாச்சு. மருந்துதான் சொல்லல்ல."

சலாஹுதீன் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். "அப்போ மனுசன்தான்!" ஜின் இல்லை என்றதும் அவருக்குக் கோபம் இரட்டிப்பாகியது. "இரி. கண்ணாடிய எடுத்துட்டு வாறேன். நானும் பாக்கணும்."

அவர் உள்ளே போனதும் முத்துக்கனி இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே ஒன்றேகால் அடிதான் இருந்தது. பத்தாம் நம்பர் கால்காரர் எட்டு வைத்தால் இரண்டடிக்குக் குறையாது. பெரிய செருப்பு, சின்ன நடை. இரண்டு, முதல் தடத்துக்குப் பக்கத்தில் புல்லில் வட்டமாக ஒரு மஞ்சள் வளையம், தூக்குவாளியின் அடிப்பாகம் அளவுக்கு. அளந்து இரண்டையும் நோட்டில் எழுதினார். எழுதி முடிக்கும்போது அவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

அடுக்களை வாசலில் சலாஹுதீனின் மனைவி சுபைதா பேகம் நின்றுகொண்டிருந்தார். ஓலைத் தட்டிக்கு மேலே நாராயணபெருமாளின் மனைவி தேவகனியின் தலை தெரிந்தது.

"அண்ணே, காட்டிக்குடுத்திராதீங்க" என்றார் சுபைதா, குரலே எழும்பாமல்.

"உங்க மருந்து எனக்க காலைப் படம் புடிக்கும்னு யாரு கண்டா?" என்றார் தேவகனி.

"மைனி, அண்ணைக்கு காலைக் கழுவினியளா?"

"சோப்பு போட்டுக் கழுவினேன், அய்யா சத்தியமா."

"செருப்பை?"

"செருப்பு அவருக்கதுல்லா! தொட்டாவாடி முள்ளுக்கு எனக்க செருப்பு தாங்காது. வெள்ளிக்கிழம தோறும் அவருக்க செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் இவளுக்குத் தீயல் கறி கொண்டு வாறது. இவ ஒறட்டி சுட்டுத் தருவா. அண்ணைக்கு முன்பக்கம் உங்களுக்கும் அவருக்கும் சாயா தந்துட்டு ஓடி வந்தேன். தூக்கை விளையில களைக்கு மேல வச்சிட்டுத்தான் தட்டிய வெலக்கினேன், பின்ன அந்தப் புல்லுல வச்சிட்டுத் தட்டியச் சாத்தினேன்."

"சாயங்காலம் வரை விளையில யாரும் மிதிக்கப்பிடாதுன்னு அண்ணாச்சிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அவரு எங்கிட்ட சொல்லல்ல. பின்பக்கம் ஆரு போறான்னு நினச்சிருப்பாரு."

முத்துக்கனி தலையில் கைவைத்தார். நாராயணபெருமாளைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்தவரை அங்கே வழியே கிடையாது. இல்லாத வழியில் போகாதே என்று எந்தப் புருஷன் எந்தப் பெண்டாட்டியிடம் சொல்வான்?

"இவருக்குத் தெரிஞ்சா நாலு வருசமும் நான் ஏமாத்தினேன்னு ஆயிரும், அண்ணே" என்றார் சுபைதா. "சண்ட அவங்களுக்கு. எங்களுக்கு என்னத்துக்கு?"

உள்ளே சலாஹுதீனின் இருமல் கேட்டது. தேவகனியின் தலை மறைந்தது. சுபைதா அரிவாள்மணைக்குப் போய்விட்டார். முத்துக்கனியின் கையில் நோட்டு மட்டும் இருந்தது. அதில் அவரைக் காப்பாற்றுகிற வரி இருந்தது. வாசித்தால் லைசென்ஸ் தப்பும். இரண்டு பெண்களின் வெள்ளிக்கிழமை போய்விடும்.

சலாஹுதீன் கண்ணாடியோடு வந்து, தட்டியைப் பார்த்து நின்றார்.

"முத்துக்கனி, அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிடு. செருப்போட வரச் சொல்லு."

நாராயணபெருமாள் மறுபக்கம் விளையின் தூரத்து மூலையில்தான் பட்டுப்போன களையைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாலு வருடத்தில் அந்தப் புல்லில் அவர் கால் வைப்பது முதல் தடவை.

"முத்துக்கனி, அவருகிட்ட சொல்லு, அவருக்க புல்ல மிதிக்க எனக்கு நேர்ச்சை ஒண்ணுமில்ல."

"முத்துக்கனி, அவருகிட்ட சொல்லு, செருப்பை வச்சுப் பாக்கட்டும்னு."

இருவருக்கும் நடுவே நாலடிதான். முத்துக்கனி ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாராயணபெருமாள் வீம்பாகக் காலைத் தூக்கி முதல் தடத்தில் வைத்தார். செருப்பு அச்சுப்போலப் பொருந்தியது. வலது குதிகாலில் வெளிப்பக்கம் தேய்ந்த தேய்மானம் உட்பட.

நாராயணபெருமாள் குனிந்து தன் காலையே பார்த்தார்.

"செருப்பு எனக்கதுதான்" என்றார் மெதுவாக. "காலு எனக்கதில்ல."

"பின்ன, செருப்பு தனியா பஸ் ஏறி வந்துதான்னு கேளு, முத்துக்கனி!"

நாராயணபெருமாள் அடுத்த அடியை எடுத்து வைத்தார். கால் இரண்டாவது தடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. பின்னுக்கு எடுத்து மறுபடி வைத்தார். தடத்தில் வைக்க வேண்டுமானால் வேட்டி தடுக்கிய ஆள்போலக் குறுக்கிக் குறுக்கி வைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடத்தில் நின்றுவிட்டார்.

"நோட்டுல என்னமோ எழுதினியே, முத்துக்கனி, வாசி" என்றார் சலாஹுதீன்.

முத்துக்கனி வாசித்தார். தேதி, நேரம், ஊதுபத்தி, சோப்பு, பூட்ஸ் எல்லாம் வாசித்தார். செருப்பு அளவு வரைக்கும் வந்து நோட்டை மூடினார்.

"உள்ள போகும்போது பாத்தேனே, அடிக்கு அடி அளந்தியே, அது?"

பராதியின் இரண்டு பக்கமும் சலாஹுதீன் கையில் காற்றில் படபடத்தன. முத்துக்கனி அதைப் பார்த்தார். அடுக்களைச் சன்னலைப் பார்த்தார்.

"அது சரியா வரல்ல, காக்கா. டேப்பு மடங்கிப் போச்சு."

பதினோரு வருடத்தில் அளவு விஷயமாக அவர் சொன்ன முதல் பொய் அது. எழுதின நோட்டு கக்கத்தில் சுட்டது.

"செரி. அப்போ ரெண்டு பேருக்க பேரும் போகட்டு" என்று சலாஹுதீன் பராதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

நாராயணபெருமாள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் கண் முதல் தடத்தின் பக்கத்திலிருந்த வளையத்தில் இருந்தது. அந்தத் தூக்குவாளியின் அளவு அவருக்குத் தெரியும். தன் வீட்டு அடுக்களையில் தினமும் கண்ணில் படுவது.

"முத்துக்கனி, அவருகிட்ட ஒண்ணு கேளு. அந்த வெள்ளிக்கிழம மத்தியானம் அவரு வீட்டுல என்ன கறி?"

"கறிக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற சலாஹுதீனுக்கு, சாப்பாட்டைக் கேட்டதும் பெருமையும் வந்துவிட்டது. "எல்லா வெள்ளிக்கிழமையும் தீயல்தான். உள்ளித் தீயல். எனக்க வீட்டுக்காரி வைக்கியது மாதிரி இந்தக் கரையில ஒருத்தி வைக்க மாட்டா. பள்ளியில பாங்கு சொல்லும்போதே எனக்கு அந்த மணம் ஓர்மைக்கு வந்துரும், அல்லா பொறுக்கட்டும். வெள்ளிக்கிழம மட்டும் அவளுக்க கைக்கு அப்படி ஒரு பக்குவம். மத்த நாளு வச்சா வராது."

"தேங்காய நல்லாக் கறுக்க வறுத்து, கடைசியில ரெண்டு கருவேப்பிலய கசக்கிப் போட்டிருக்குமா?" என்று கேட்டார் நாராயணபெருமாள்.

"ஆமா... அது உனக்கு..." சலாஹுதீன் நிறுத்தினார்.

"எனக்க வீட்டுல வெள்ளிக்கிழம ராத்திரி ஒறட்டி" என்றார் நாராயணபெருமாள். "தேங்காய் துருவிப் போட்டு, தட்டையா, ஓரம் மொறுமொறுன்னு. இந்தத் தேவகனிக்கு இது எங்க இருந்து கைவந்துதுன்னு நாலு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியேன்."

அடுக்களையில் அரிவாள்மணையின் சத்தம் நின்றிருந்தது. சலாஹுதீன் வளையத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பதினாறு குட்டி அடிகளையும் அடுக்களை வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனார். ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வந்த சரக்கும் போன சரக்கும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. முகம் சிவந்து, வாய் திறந்தது. என்ன வரப்போகிறதோ என்று முத்துக்கனி மூச்சை அடக்கினார்.

அதற்குள் நாராயணபெருமாள் முந்திக்கொண்டார். முத்துக்கனியைத் தாண்டி, நேரே அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நாந்தான் வந்தேன், சலாஹுதீனே."

நாலு வருடத்துக்குப் பிறகு அவர் வாயில் தன் பெயரைக் கேட்ட சலாஹுதீன் திடுக்கிட்டுப் போனார். "நீயா?"

"நாந்தான். அந்தப் பிளைட் விசயத்துல நான் அப்படிக் கேட்டது சரியில்லன்னு சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். அடுக்களை வாசல் வரை வந்தாச்சு. பின்ன தைரியம் வரல்ல. திரும்பிட்டேன்."

சலாஹுதீன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பத்தாம் நம்பர் காலை வச்சுக்கிட்டு இத்தினிக்கூண்டு அடியா?"

"தயங்கித் தயங்கில்லா வந்தேன்."

"தூக்குவாளி?"

"நாலு வருசம் கழிச்சு வெறுங்கையோட வரமுடியுமா?"

சலாஹுதீன் அடுக்களைப் பக்கம் திரும்பினார். சன்னலில் யாரும் இல்லை. திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி திரும்பியபோது முகத்தில் சிவப்பு இருந்தது, கோபம் இல்லை. சட்டைப்பையிலிருந்து பராதியை எடுத்து முத்துக்கனியிடம் நீட்டினார்.

"இதை வச்சுக்கோ. பின்பக்கம் வெள்ளையாத்தான் கிடக்கு, உனக்கு எழுத ஆகும்." பிறகு நாராயணபெருமாளைப் பார்க்காமல், புல்லைப் பார்த்துச் சொன்னார்: "தீயல் நல்லா இருந்துது."

"ஒறட்டியும் மோசமில்ல" என்றார் நாராயணபெருமாள், தென்னையைப் பார்த்து.

முத்துக்கனிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் தொழில் புத்தியும் வந்தது. "காக்கா, புல்லைப் பத்தி வெப்ராளப்பட வேண்டாம். இந்த மருந்து மண்ணுல விழுந்தா மண்ணு புடிச்சு வச்சுக்கிடும். வேருக்குக் குடுக்காது. பட்டதை வெட்டி எடுத்துட்டு வெள்ளம் விட்டா, பக்கத்துப் புல்லு படர்ந்து ஒண்ணரை மாசத்துல தடம் மாறிரும்."

"மாற வேண்டாம்" என்றார் சலாஹுதீன்.

அடுத்த வாரமே அவர் கொத்தனாரைக் கூப்பிட்டு, பதினாறு தடத்திலும் பதினாறு தட்டைக் கல் பதிக்கச் சொன்னார். கொத்தனார் முதல் இரண்டு கல்லை வைத்துப் பார்த்துவிட்டு, "முதலாளி, இது வல்லாத்த நெருக்கம். ஆம்பிளைக்கு நடக்க வராதே. கொஞ்சம் தள்ளி வைக்கட்டா?" என்று கேட்டார்.

"தள்ளப்பிடாது. மஞ்சள்ல வை. பக்கத்து வீட்டுக்காரருக்க நடை அப்படியாக்கும்."

முத்துக்கனியின் லைசென்ஸ் மறு மாதம் புதுப்பித்து வந்தது. நோட்டின் முதல் பக்கத்தில், காற்று, தண்ணீர், பூட்ஸ் என்ற வரிசைக்கு எல்லாம் மேலே, புதிதாக ஒரு வரி எழுதினார்: 'அடிப்பதற்கு முன் இரண்டு பக்கத்து அடுக்களையிலும் சொல்ல வேண்டும்.'

ஓலைத் தட்டி எடுத்தாகிவிட்டது. தேவகனி இப்போது தன் செருப்பிலேயே வருகிறார்; விளையில் களை பட்டுப்போனதால் முள் இல்லை. ஆனால் சில வெள்ளிக்கிழமைகளில் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு நாராயணபெருமாளே கிளம்பிவிடுவார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. ஆறடி ஆள், பத்தாம் நம்பர் செருப்பு, ஒரு கையில் தூக்கு, மறுகையில் வேட்டி நுனி. கல்லுக்குக் கல் குறுக்கிக் குறுக்கிக் கால் வைத்து, கோழிக்குஞ்சைப்போல அவர் வருவதைச் சலாஹுதீன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

"பைய வா, பைய வா" என்பார். "தயங்கித் தயங்கி வா. பிளைட்டுக்கு இன்னும் நேரம் கிடக்கு."